கல் முந்தியதா, சுவர் முந்தியதா? பித்தக்கல் வகைகளும் பித்தப்பைத் திசுவும்

சேலம் ஐந்து ரோட்டிலோ நான்கு ரோட்டிலோ வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டு வெளியே வருபவரின் கையில் இருக்கும் அறிக்கையில், பித்தப்பையைப் பற்றிய பகுதி இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் போவதில்லை. கல் ஒன்றா பலவா, பெரிய கல் எத்தனை மில்லிமீட்டர், பித்தப்பைச் சுவர் தடித்திருக்கிறதா, பித்தநீரைச் சிறுகுடலுக்குக் கொண்டுசெல்லும் குழாயான பொதுப் பித்தநாளம் விரிந்திருக்கிறதா என்பவற்றோடு அது முடிந்துவிடும். அடியில் ‘கோலிலித்தியாசிஸ்’ என்று எழுதியிருப்பார்கள். பித்தப்பையில் கல் இருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது. அந்தக் கல் எந்த வகையைச் சேர்ந்தது, அதைச் சுமக்கும் பையின் திசு எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்தத் தாளில் விடை இராது.

குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. எண்ணெய்ப் பலகாரத்தால் வந்தது என்பார் ஒருவர். வாழைத்தண்டுச் சாற்றில் கரைந்துவிடும் என்பார் இன்னொருவர். விட்டுவைத்தால் புற்றுநோய் என்பார் மூன்றாமவர். மூவரும் ஒரே கல்லைப் பற்றிப் பேசுவதில்லை. வாழைத்தண்டுக்காரர் மனத்தில் வைத்திருப்பது சிறுநீரகக் கல்லை. அது வேறு உறுப்பில், வேறு உப்புகளால் உருவாவது. மற்ற இருவரும் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு, ஆனால் எல்லாக் கல்லுக்கும் அது பொருந்தாது.

கல்லை அது பிறந்த விதத்தால் பிரிப்பது சேலத்துக்குப் புதிதல்ல. சுண்ணாம்புக் கரட்டில் வெட்டியெடுக்கப்படும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், பழைய பாறையின் வெடிப்புகளில் கரியமில வாயு கலந்த நீர் புகுந்து, அந்தப் பாறையையே மாற்றி, நரம்பு நரம்பாகப் படிந்தது. சேர்வராயன் மலையின் உடலாக இருக்கும் சார்னோகைட் என்ற கடினப் பாறை, பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. மலையின் மேல்மட்டத்தில் கிடைக்கும் அலுமினியத் தாதுவான பாக்சைட்டோ, அந்தச் சார்னோகைட்டே மழையிலும் வெயிலிலும் சிதைந்து மிஞ்சிய எச்சம். பித்தக்கற்களும் அவ்வாறே மூன்று வழிகளில் பிறக்கின்றன. பித்தப்பைச் சுவர், ரத்தம், கிருமி ஆகியவற்றுள் எதிலிருந்து கேடு முதலில் தொடங்கியது என்பதைப் பொறுத்தே பித்தப்பைத் திசுவுக்கு நேர்வதும் மாறுகிறது.

சுவரின் அடுக்குகள்

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரக்கிறது. கல்லீரலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பித்தப்பை 7 முதல் 10 செ.மீ. நீளமுள்ள சிறு பை. அதன் கொள்ளளவு 30 முதல் 50 மி.லி. மட்டுமே. இவ்வளவு சிறிய பையில் அவ்வளவு பித்தநீரைச் சேமிக்க முடிவதற்குக் காரணம், அதன் உட்சுவர் நீரையும் உப்பையும் உறிஞ்சிப் பித்தநீரை ஐந்து முதல் பத்து மடங்கு வரை செறிவாக்குவதுதான். இந்தச் செறிவாக்கமே கல் உருவாகவும் வழி செய்கிறது.

சுவரை உள்ளிருந்து வெளியே பார்த்தால் நான்கு அடுக்குகள் தெரியும்.

1. உட்படலம். உயரமான செல்கள் ஒரே வரிசையாக நின்று, தேனடை போன்ற மடிப்புகளாக அமைந்த பரப்பு. நீரை உறிஞ்சுவதும் வழவழப்பான சளிப்பொருளைச் சுரப்பதும் இதன் வேலை.
2. அதை அடுத்த மெல்லிய இணைப்புத் திசு. நுண் ரத்தக்குழாய்களும் எதிர்ப்புச் செல்களும் இங்கே இருக்கின்றன.
3. தசைப்படலம். கொழுப்புள்ள உணவு சிறுகுடலை அடைந்ததும் அங்கே சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனின் கட்டளைக்குச் சுருங்கி, பித்தநீரை வெளியே தள்ளுவது.
4. வெளி இணைப்புத் திசுவும் அதன் மேல் போர்வையும். கல்லீரலை ஒட்டிய பக்கத்தில் இந்தப் போர்வை இல்லை; பித்தப்பை நேரடியாகக் கல்லீரலின் மேல் படிந்திருக்கிறது.

குடலின் சுவரில் உட்படலத்துக்கும் தசைக்கும் இடையே தடித்த ஓர் அடுக்கு உண்டு. பித்தப்பையில் அது இல்லை. உள்ளே தொடங்கும் எந்தக் கேடும் சட்டென்று தசையை எட்டிவிட முடிவதற்கு இதுவே காரணம். பட்டினி வயிற்றில் சுவரின் தடிமன் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு பை சுருங்கிவிடுவதால், நலமான சுவரும் தடித்தது போலத் தோன்றும். ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வது அதனால்தான்.

பையை எடுப்பது ஏன் என்ற பழைய விவாதம்

பித்தப்பையை முழுவதுமாக அகற்றும் அறுவைச் சிகிச்சையை முதன்முதலில் 1882ஆம் ஆண்டு பெர்லினில் கார்ல் லாங்கன்புக் செய்தார். அதற்கு முன் மருத்துவர்கள் பையைத் திறந்து கல்லை மட்டும் எடுத்துவிட்டுத் தைத்துவிடுவார்கள். கல் மீண்டும் வரும். கல்லை வைத்திருக்கிறது என்பதற்காக அல்ல, கல்லை உண்டாக்குகிறது என்பதற்காகவே பையை எடுக்க வேண்டும் என்பது லாங்கன்புக்கின் வாதம். இன்றுவரை அறுவைச் சிகிச்சைப் பாடத்தின் அடிப்படை அதுதான். ஆனால் வகைவாரியாகப் பார்த்தால், இந்த வாதம் ஒரு வகைக்கு முழுமையாகவும், இன்னொன்றுக்குப் பாதியாகவும் பொருந்துகிறது. மூன்றாவதற்குப் பொருந்தவே இல்லை.

முதல் வகை: கொலஸ்ட்ரால் கல்

கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. பித்த உப்புகளும் லெசித்தின் என்ற கொழுப்பும் சேர்ந்து அதைச் சிறுசிறு பொதிகளாகச் சுமந்து வருகின்றன. இந்த மூன்றுக்கும் இடையே இருக்க வேண்டிய அளவுப் பொருத்தத்தை 1968இல் அட்மிராண்ட், ஸ்மால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு முக்கோண வரைபடமாக வரைந்து காட்டினார்கள். கொலஸ்ட்ரால் மிகுந்தாலோ, சுமப்பவை குறைந்தாலோ, மிஞ்சியது படிகமாகப் பிரியும். கல்லின் எடையில் பாதிக்கு மேல் கொலஸ்ட்ரால் இருந்தால் அது இந்த வகை.

கையில் எடுத்துப் பார்த்தால் இந்தக் கல் கனம் இல்லாமல், மெழுகு போன்ற வெளிர் மஞ்சள் நிறத்தில் இருக்கும். தூய கொலஸ்ட்ரால் கல் பெரும்பாலும் தனிக்கல்; பாக்கு அளவுக்கும் வளரும். அதைக் குறுக்கே வெட்டினால், நடுப்புள்ளியிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலப் பளபளக்கும் படிகக் கோடுகள் வெளிநோக்கி ஓடுவதைக் காணலாம். கொலஸ்ட்ராலோடு கால்சியமும் நிறமியும் அடுக்கடுக்காகச் சேர்ந்தது கலவைக் கல். இவை கூட்டமாக இருக்கும். நெருக்கத்தில் வளர்வதால் தாயக்கட்டையைப் போலத் தட்டையான முகங்கள் பெற்றிருக்கும்.

இந்த வகையில் சுவர் கெடுவது கல் வந்த பிறகு அல்ல. கல்லீரல் அனுப்பும் பித்தநீரில் கொலஸ்ட்ரால் மிகுந்திருக்கும் காலத்திலேயே, கல் உருவாகும் முன்பே, சுவர் அதை உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது. பின்வருவன ஒன்றையொன்று வளர்க்கும் மாற்றங்கள்:

1. உறிஞ்சப்பட்ட கொலஸ்ட்ரால் தசைச் செல்களின் சவ்வில் போய்ப் படிகிறது. சவ்வு இறுகுகிறது, ஹார்மோனின் கட்டளை செல்லுக்குள் சரியாகப் போய்ச் சேருவதில்லை. தசை சோம்பிப்போகிறது. அறுவையில் எடுத்த பித்தப்பைகளின் தசையைப் பரிசோதனைக்கூடத்தில் சுருங்கவைத்துப் பார்த்த ஆய்வுகளில், கொலஸ்ட்ரால் கல் இருந்தவர்களின் தசை, நிறமிக் கல் இருந்தவர்களின் தசையைவிட வலுக்குறைந்து சுருங்கியது.
2. தசை சோம்பினால் பை முழுதும் காலியாவதில்லை. தேங்கிய பித்தநீர் மேலும் செறிவாகிறது.
3. உறுத்தல் தாங்காமல் உட்படலம் சளிப்பொருளை மிகுதியாகச் சுரக்கிறது. பசை போன்ற அந்தச் சளியில் படிகங்கள் சிக்கிக்கொள்கின்றன. ஸ்கேன் அறிக்கையில் ‘ஸ்லட்ஜ்’ என்று குறிக்கப்படும் கசடு பெரும்பாலும் இந்தக் கட்டமே.
4. படிகங்களை எதிர்க்க வரும் வெள்ளணுக்கள் தம் மரபுப்பொருளை வலைபோல வெளியே விரிக்கின்றன. அந்த வலை படிகங்களை ஒட்டவைத்துக் கல்லை வளர்க்கும் பசையாகவும் ஆகிவிடுகிறது என்பதை 2019இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. காவலுக்கு வந்தவனே திருடனுக்கு ஏணி பிடித்த கதை.

உறிஞ்சிய கொலஸ்ட்ராலில் ஒரு பகுதியை உட்படலத்துக்குக் கீழே உள்ள துப்புரவுச் செல்கள் விழுங்கி, நுரை நிரம்பியவை போல் ஊதிக் கிடக்கும். அத்தகைய பித்தப்பையை நீளவாக்கில் கீறி விரித்தால், சிவந்த பச்சைப் பரப்பின் மேல் ரவையைத் தூவியது போல மஞ்சள் புள்ளிகள் தெரியும். திசு அறிக்கையில் இது ‘கொலஸ்டிரோலோசிஸ்’ எனப்படும். மருத்துவர்கள் வழக்கில் ‘ஸ்ட்ராபெர்ரி பித்தப்பை’. கல் இல்லாமலும் இது இருக்கலாம். தன்னளவில் இது ஆபத்தானதல்ல.

இந்த வகைக் கல் பெண்களிடம் மிகுதி. ஈஸ்ட்ரோஜன் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது. புரோஜெஸ்ட்ரோன் பித்தப்பையைத் தளர்த்துகிறது. கர்ப்ப காலத்தில் இரண்டும் ஒருசேர உயர்கின்றன. உடல் எடையை மிக வேகமாகக் குறைப்பவர்களுக்கும், நெடுநாள் வாய்வழி உணவின்றி இருப்பவர்களுக்கும் இது வரும். ஆகவே எண்ணெய்ப் பலகாரத்தின் மேல் மட்டும் பழிபோடுவது சரியல்ல. கல் ஏற்கெனவே இருப்பவருக்குக் கொழுப்புணவு பித்தப்பையைச் சுருங்கவைத்து வலியைக் கிளப்பும் என்பதே அந்தப் பேச்சில் உள்ள உண்மை.

லாங்கன்புக் சொன்னது முழுமையாகப் பொருந்துவது இங்கேதான். கல்லைக் கரைத்தாலும் உடைத்தாலும், சோம்பிய சுவர் அப்படியே இருப்பதால் கல் திரும்ப வருகிறது.

இரண்டாம் வகை: கருங்கல் போன்ற கறுப்பு நிறமிக் கல்

சிவப்பணு உடையும்போது அதன் நிறப்பொருள் பிலிரூபினாக மாறுகிறது. கல்லீரல் அதை நீரில் கரையும்படி மாற்றிப் பித்தநீரில் விடுகிறது. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தால், பித்தநீரில் பிலிரூபின் பெருகி, அதில் கரையாத பங்கு கால்சியத்தோடு சேர்ந்து, சங்கிலி சங்கிலியாகப் பின்னிக் கெட்டிப்படுகிறது. ஏற்காட்டுத் தோட்டங்களில் காயவைத்த மிளகைக் கையில் அள்ளிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கற்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை: கறுப்பு, சிறிது, சொரசொரப்பு, எண்ணிக்கையில் பல. ஆனால் அழுத்தினால் மிளகைவிட எளிதில் நொறுங்கிப் பளபளப்பான உடைமுகத்தைக் காட்டும்.

அரிவாள் செல் ரத்தசோகை, தலசீமியா, சிவப்பணுக்கள் உருண்டையாகிவிடும் பரம்பரை நோய் ஆகியவற்றோடு, கல்லீரல் இறுகும் சிரோசிஸ் நோயும், சிறுகுடலின் கடைப்பகுதி நோயுற்றிருப்பதும் இதற்குக் காரணங்கள். வட இந்தியாவில் அறுவையில் எடுக்கப்படும் கற்களில் கொலஸ்ட்ரால் வகையே மேலோங்கி இருக்க, தென்னிந்தியாவில் நிறமிக் கற்களுக்கும் கலவைக் கற்களுக்கும் கணிசமான பங்கு உண்டு. மேலைநாட்டுப் பாடநூல் காட்டும் ‘நாற்பது வயதுப் பருமனான பெண்’ என்ற சித்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே நோயாளியைப் பார்ப்பது போதாது.

கறுப்புக் கல் இருக்கும் பித்தப்பையில் பித்தநீர் பெரும்பாலும் கிருமியற்றது. தசையும் பெரும்பாலும் தன் வலுவை இழக்காமல் சுருங்குகிறது. அதாவது, கேடு தொடங்கியது ரத்தத்தில் அல்லது கல்லீரலில். பித்தப்பை அந்தக் கேடு வந்து தங்கும் இடம் மட்டுமே. உட்படலத்துக்கு நேர்வதில் பெரும்பங்கு, சொரசொரப்பான கற்கள் ஆண்டுக்கணக்கில் உரசுவதால் வருவது. எனினும் ஒரு முரண் உண்டு: நன்றாகச் சுருங்கும் பையும் சிறிய கற்களும் சேர்ந்தால், கல் குழாய்க்குள் தள்ளப்படும் வாய்ப்பு கூடுகிறது. சுவருக்குக் குறைந்த சேதம் செய்யும் கல், பொதுப் பித்தநாளத்தில் அடைத்துக் காமாலையையும், கணைய வாயிலில் சிக்கிக் கணைய அழற்சியையும் உண்டாக்கலாம்.

சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை ஊர்களில் இருந்து வரும் பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பித்தக்கல் என்று ஸ்கேன் சொன்னால், கேட்க வேண்டிய முதல் கேள்வி பிள்ளை என்ன சாப்பிட்டது என்பதல்ல, ரத்தப் பரிசோதனை ஆயிற்றா என்பது. 2023 ஜூலையில் தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டம் பழங்குடி மக்கள் வாழும் 17 மாநிலங்களில் 40 வயது வரையுள்ளோரைப் பரிசோதிப்பதை இலக்காகக் கொண்டது. தமிழ்நாடும் அதில் ஒன்று. பித்தப்பையை எடுத்துவிட்டால் பித்தப்பைக்குள் கல் வருவது நிற்கும். சிவப்பணு உடைவது நிற்காது. லாங்கன்புக்கின் வாதம் இங்கே பாதிதான்.

மூன்றாம் வகை: செம்மண் கட்டி போன்ற பழுப்புக் கல்

இது பெரும்பாலும் பித்தப்பையில் அல்ல, பித்தநாளத்தில் பிறக்கிறது. பித்தநீர் தேங்கும் இடத்தில் ஈகோலை போன்ற குடல் கிருமிகள் புகுந்து, தம் நொதிகளால் பிலிரூபினைக் கரையாத வடிவத்துக்கு மாற்றுகின்றன. லெசித்தினைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கின்றன. இவை கால்சியத்தோடு சேர்ந்து, பாதி நிறமியும் பாதி சோப்புமாகப் படிகின்றன. விரலால் நசுக்கினால் ஈரக் களிமண்ணைப் போல நசுங்கும். நுண்ணோக்கியில் இதனுள் கிருமிகளின் எச்சம் தெரியும்; கறுப்புக் கல்லில் அது இராது. உருண்டைப்புழு நாளத்துக்குள் ஏறி மடிந்தாலும், அதன் உடலையோ முட்டையையோ சுற்றி இந்தக் கல் வளர்வதுண்டு.

இங்கே முதலில் வந்தது தொற்று. நாளத்தின் சுவர் வீங்கி, சுரப்பிகள் பெருகி, தழும்பு விழுந்து குறுகுகிறது. குறுகிய இடத்துக்கு மேலே மறுபடி தேக்கம், மறுபடி கல். குளிர்க்காய்ச்சல், காமாலை, வலப்பக்க மேல்வயிற்று வலி மூன்றும் சேர்ந்து வருவது இதன் அடையாளம். நெடுங்காலம் இது நீடித்தால் நாளத்தில் புற்று உண்டாகும் வாய்ப்பும் கூடும். பித்தப்பையை எடுத்துப் பல ஆண்டுகள் கழிந்தவருக்கும் இந்தக் கல் வரும். பையே இல்லாதவரிடம் பையின் மேல் குற்றம் சாட்ட முடியாது.

வகை எதுவானாலும்: அடைப்பு

கல் பித்தப்பையின் கழுத்தில் அடைத்துக்கொண்டால், அதன் பிறப்பு எதுவென்று திசு பார்ப்பதில்லை. சில மணி நேரத்தில் விலகிவிட்டால் வலியோடு போகும். விலகாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது, லெசித்தின் சிதைந்து, உட்படலத்தை அரிக்கும் பொருளாக மாறுகிறது, சுவர் வீங்குகிறது. தொடக்கத்தில் இது ரசாயன அழற்சிதான், கிருமி பின்னால் வந்து சேர்கிறது. வீக்கம் ரத்தக்குழாய்களை நெரித்தால் சுவர் அழுகும், ஓட்டை விழும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலி மட்டுப்பட்டுத் தெரிவதால், சுவர் அழுகிய பிறகே மருத்துவமனைக்கு வருவது நடக்கிறது. ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில் இருப்பவருக்கு இதில் தனிக் கணக்கு உண்டு: ஏற்கெனவே ஒருமுறை வலி கண்டவர், அடுத்த வலி நள்ளிரவில் வந்தால் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்க வேண்டும். அவருக்கு அறுவையைத் தள்ளிப்போடாமல் இருக்கப் பரிந்துரைப்பதில் நியாயம் உண்டு.

அடைப்பும் விலகலும் திரும்பத் திரும்ப நேர்ந்தால் நாள்பட்ட அழற்சி. சுருங்கிச் சுருங்கித் தசை தடிக்கும். அழுத்தம் தாங்காத உட்படலம் தசைக்குள் பைபையாகப் பிதுங்கும். இவற்றுக்கு ரோக்கிட்டான்ஸ்கி–ஆஷோஃப் பிதுக்கங்கள் என்று பெயர். பிதுக்கம் கிழிந்து பித்தநீர் சுவருக்குள்ளேயே கசிந்தால், துப்புரவுச் செல்கள் அதை விழுங்கி மஞ்சள் கட்டிகளாகத் திரளும்; ஸ்கேனில் அது புற்றுநோயைப் போலவே தோன்றி மருத்துவரையும் ஏமாற்றும்.

அளவும் திசுவின் விதியை மாற்றுகிறது. பெரிய தனிக்கல் ஒரே இடத்தில் அழுத்திச் சுவரை அரித்து, பக்கத்துப் பித்தநாளத்தை நெருக்கும். சில வேளை சிறுகுடலுக்குள் துளைத்துக்கொண்டு போகும். 5 மி.மீ.க்குக் குறைந்த கற்கள் சுவரை விட்டுவிட்டுக் குழாயைத் தேடிப் போகும். சின்னக் கல்தானே என்ற ஆறுதல் அதனால் தவறு.

புற்றுநோய் அச்சம்

ஓயாத உரசலுக்கு உட்படலம் தரும் விடை, தன் செல்களின் குணத்தை மாற்றிக்கொள்வது. பித்தப்பைக்குரிய செல்களுக்குப் பதிலாக இரைப்பைக்கும் குடலுக்கும் உரிய செல்கள் முளைக்கின்றன. திசு அறிக்கையில் இது ‘மெட்டாபிளேசியா’. அதில் ஒரு சிறு பங்கு ஒழுங்கு கெட்ட வளர்ச்சியாக, ‘டிஸ்பிளேசியா’வாக மாறும், அதிலும் ஒரு சிறு பங்கே பல ஆண்டுகளில் புற்றாகும். இந்தப் பாதையில் கல்லின் நிறத்தைவிட, அது எத்தனை ஆண்டுகள் உரசியது, எவ்வளவு பெரியது என்பவையே கூடுதல் கனம் பெறுகின்றன, 3 செ.மீ.க்கு மேற்பட்ட கல்லைத் தனியாகக் கவனிப்பது இதனால்தான். சுவரே சுண்ணாம்பு படிந்து இறுகும் ‘பீங்கான் பித்தப்பை’யில் புற்றுநோய் வாய்ப்பு மிக அதிகம் என்று முன்பு எழுதிவைத்திருந்தார்கள், பிற்கால ஆய்வுகளில் அந்த அளவு வெகுவாகக் குறைந்துவிட்டது.

இந்தியாவில் பித்தப்பைப் புற்றுநோய் கங்கைச் சமவெளியிலும் வடகிழக்கிலும் மிகுதி. தென்மாநிலங்களில் அதைவிடக் குறைவு. கல் உள்ள பெரும்பாலோருக்கு அது வருவதே இல்லை.

இவற்றால் நோயாளிக்கு ஆவது என்ன

1. ஸ்கேனில் வகை தெரியாது. கல்லையும் அதன் நிழலையும் அது காட்டும், உட்பொருளைக் காட்டாது. எக்ஸ்ரேயில் தெரியும் கல்லில் கால்சியம் இருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் எக்ஸ்ரேயில் தெரிபவை நூற்றுக்குப் பத்துப் பதினைந்தே. தூய கொலஸ்ட்ரால் கல் சிடி ஸ்கேனிலும் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஊசிமருந்து கால்சியத்தோடு சேர்ந்து கல்லைப் போல ஸ்கேனில் தோன்றுவதும், மருந்தை நிறுத்தியதும் மறைவதும் உண்டு.

2. அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை எல்லாக் கல்லையும் கரைக்காது. சுண்ணாம்பு படியாத, சிறிய கொலஸ்ட்ரால் கல்லாகவும், பித்தப்பை இயங்குவதாகவும் இருந்தால்தான் அதற்கு வேலை, மாதக்கணக்கில் ஆகும். கரைந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் கல் திரும்பி வருகிறது. நிறமிக் கற்களை அது தொடுவதில்லை.

3. ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் குடித்து மறுநாள் மலத்தில் பச்சை உருண்டைகளைக் காட்டும் ‘கல்லீரல் சுத்தம்’ பற்றிய காணொளிகள் சுற்றிவருகின்றன. அந்த உருண்டைகள், குடித்த எண்ணெய் குடலில் சோப்பாகத் திரண்டவை. பித்தப்பைக்குள் இருந்த கல் அங்கேயே இருக்கும்.

4. வலி இல்லாமல் தற்செயலாகக் கண்டறியப்பட்ட கல்லுக்கு உடனே அறுவை தேவைப்படுவதில்லை. அத்தகையோரில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் முதல் நால்வர் வரையே தொந்தரவு காண்கிறார்கள். மிகப் பெரிய கல், சுவரில் சுண்ணாம்பு, சிவப்பணு உடையும் நோய் ஆகியவை இருந்தால் மருத்துவர் வேறு முடிவு எடுக்கலாம்.

5. அறுவைக்குப் பின் உறவினர் கையில் தரப்படும் கண்ணாடிக் குப்பியில் இருப்பது கல் மட்டும். வீட்டுக்கு வருவோர் எல்லாரும் வாங்கிக் குலுக்கிப் பார்க்கும் அந்தக் குப்பி, வகையை ஓரளவு சொல்லும்: மஞ்சளா, கறுப்பா, பழுப்பா. சுவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சுவர், ஃபார்மலின் நிரப்பிய இன்னொரு குப்பியில் திசுப் பரிசோதனைக்குப் போயிருக்கும்.

அங்கிருந்து வரும் அறிக்கையில் ‘குரோனிக் கோலிசிஸ்டைட்டிஸ்’ என்று மட்டும் இருந்தால், நாள்பட்ட அழற்சி, பை எடுக்கப்பட்டுவிட்டது, அதோடு முடிந்தது. ‘டிஸ்பிளேசியா’ என்ற சொல் இருந்தால் அதை அறுவை செய்த மருத்துவரிடமே காட்ட வேண்டும். அரிதாக, எதிர்பாராமல் புற்றுநோய் என்று வந்தால், முதலில் பார்த்த நான்கு அடுக்குகள் மீண்டும் முன்னுக்கு வருகின்றன: உட்படலத்தையும் அதை ஒட்டிய மெல்லிய திசுவையும் தாண்டாமல் இருந்தால், பையை எடுத்ததே பெரும்பாலும் போதுமான சிகிச்சை, தசையைத் தொட்டிருந்தால் கல்லீரலின் ஒட்டிய பகுதியையும் நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க இரண்டாவது அறுவை பேசப்படும். அறிக்கை வருவதற்குள் நோயாளி பெரும்பாலும் வீடு திரும்பியிருப்பார். தையல் பார்க்க வரும் நாளில் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.